சந்தாவா, தனி விலையா? பழைய வீடியோ கேம் வாங்கும் முன்

திருச்சி கே.கே. நகரில் நாற்பது வயதைத் தாண்டிய ஒருவருக்குத் திடீரென்று கான்ட்ரா ஆட வேண்டும் போலிருந்தால், இன்று அவருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. பஸ் ஏறி மெயின்கார்டு கேட் பக்கமோ சிங்காரத்தோப்புக்கோ போய், ‘400 கேம்’ என்று அட்டையில் அச்சடித்த கையடக்கப் பெட்டி ஒன்றைத் தேடி வாங்கலாம். வீட்டுக் கணினியிலோ பிளேஸ்டேஷனிலோ கான்ட்ரா தொகுப்பை மட்டும் விலை கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். அல்லது நூற்றுக்கணக்கான கேம்கள் உள்ள ஏதாவது ஒரு சேவைக்குச் சந்தா கட்டி, நமக்கு வேண்டியது அதில் இருக்கிறதா என்று தேடலாம்.

முதல் வழியைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. அந்தப் பெட்டிக்குள் இருப்பவை பெரும்பாலும் நிண்டெண்டோவின் முதல் தலைமுறை கேம்களின் திருட்டுப் பிரதிகள். பின்மூடியைக் கழற்றினால் பழைய நோக்கியா போனில் இருந்த அதே வடிவப் பேட்டரி இருக்கும். பாதியில் நிறுத்திய ஆட்டத்தைச் சேமித்து வைக்க வசதி கிடையாது. அணைத்தால் மறுபடி முதலிலிருந்து. பையனின் பிறந்தநாளுக்கு அதை வாங்கிக் கொடுத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த கேமை உருவாக்கியவருக்கு ஒரு பைசாகூடப் போகாத சரக்கு அது என்று தெரிந்து வாங்குங்கள்.

மிச்சம் இரண்டில் என் கட்சி எது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பழைய கேமைத் தனித்தனியாகத்தான் விற்க வேண்டும். முடிந்தவரை நாமும் அப்படித்தான் வாங்க வேண்டும். புது கேமை ஆடி முடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறோம். பழைய கேமுக்குத் திரும்பத் திரும்ப வருகிறோம். கான்ட்ராவின் முதல் கட்டத்தில் எந்த இடத்தில் எவன் குதித்து வருவான் என்று மனப்பாடமாகத் தெரிந்தவர்தான் இன்றைக்கு அதை ஆட நினைக்கிறார். அவரும் தினமும் ஆடப்போவதில்லை. தீபாவளி லீவில் ஒரு நாள், தம்பி குடும்பம் ஊருக்கு வந்தால் ஒரு நாள், அவ்வளவுதான். அந்த இரண்டு மூன்று நாளுக்காக வருடம் முழுக்கச் சந்தா கட்டுவது கட்டுப்படியாகாத காரியம்.

மணிக்கணக்கு, கேசட், மாற்று

இந்தக் கேள்வியை நம் ஊர்ப் பிள்ளைகள் 1990-களிலேயே சந்தித்துவிட்டார்கள். அப்போது வீட்டில் இருந்தது டிவி கேம். மீடியா, லிட்டில் மாஸ்டர், டெர்மினேட்டர் என்று பல பெயர்களில் வந்த அந்தப் பெட்டிகள் பலவும் நிண்டெண்டோ இயந்திரத்தின் நகல்கள். கேசட்டின் மேல் ‘9999999 இன் 1’ என்று போட்டிருக்கும். பட்டியலை இறக்கிக்கொண்டே போனால் கொஞ்ச தூரத்திலேயே குட்டு வெளிப்பட்டுவிடும்: அதே மாரியோ, அதே டாங்க், அதே ரோடு ஃபைட்டர், பெயரை மாற்றி, தொடங்கும் கட்டத்தை மாற்றி மறுபடி மறுபடி வரும். பட்டியல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் ஆடியது பத்துப் பதினைந்துதான். இன்றைய சந்தா சேவைகளின் விளம்பரத்தில் நூற்றுக்கணக்கில் எண்ணிக்கை காட்டும்போது அந்தக் கேசட்டின் முகப்புதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. சந்தாவில் இருப்பவை உண்மையிலேயே வேறு வேறு கேம்கள்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் நாம் ஆடப்போகும் பத்துப் பதினைந்து அதில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

2000-களில் பிளேஸ்டேஷன் 2 வந்தபோது மணிக்கணக்குக் கடைகள் வந்தன. ஒரு அறை, நாலு டிவி, சுவரில் ஒரு கடிகாரம்.

“அண்ணா, இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்குண்ணா.”

“அதெல்லாம் எப்பவோ முடிஞ்சுது தம்பி. அடுத்தவன் நிக்கிறான் பாரு.”

சொந்தமாக இயந்திரம் வாங்க முடியாதவனுக்கு அது நியாயமான ஏற்பாடு. ஆடிய நேரத்துக்கு மட்டும் காசு; ஆடாத மாதத்துக்கு எதுவும் கிடையாது. இன்றைய சந்தாவில் இல்லாத நல்ல குணம் இது. கேசட் வைத்திருந்தவர்களுக்கு வேறொரு வசதி இருந்தது. அடுத்த தெருப் பையனிடம் ஒரு வாரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், சலித்துப் போனால் பாதி விலைக்குத் தள்ளிவிடலாம். இன்றைக்கு நீங்கள் ஸ்டீமிலோ பிளேஸ்டேஷன் கடையிலோ தனி விலைக்கு வாங்கும் கேமை அப்படி விற்கவோ மாற்றவோ முடியாது. தனி விற்பனைதான் சரி என்று வாதாடும் நானும் இந்தக் குறையை மறைக்கக் கூடாது. கொஞ்சம் ஆறுதலாக, 2024 முதல் ஸ்டீமில் ஒரே வீட்டில் உள்ள ஆறு பேர் வரை ஒரு குடும்பமாகச் சேர்ந்து, ஒருவர் வாங்கியதை மற்றவரும் ஆடலாம். ஆனால் ஒரே கேமை ஒரே நேரத்தில் இருவர் ஆட வேண்டுமானால் இரண்டு பிரதி வேண்டும்.

நிண்டெண்டோ நடந்து வந்த பாதை

தனி விலையிலிருந்து சந்தாவுக்கு மாறினால் வாங்குபவருக்கு என்ன ஆகும் என்பதற்கு நிண்டெண்டோவைவிடத் தெளிவான சாட்சி வேறில்லை. 2006 நவம்பரில் வீ இயந்திரம் அமெரிக்காவில் வந்தபோது ‘வர்ச்சுவல் கன்சோல்’ என்ற பெயரில் பழைய கேம்களைத் தனித்தனியாக விற்றார்கள். முதல் தலைமுறை கேம் ஒன்று 5 டாலர், அடுத்த தலைமுறை 8 டாலர், நிண்டெண்டோ 64 கேம் 10 டாலர். சூப்பர் மாரியோ வேண்டுமா, 5 டாலரைக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

அந்தக் கடையை 2019 ஜனவரி 30-ஆம் தேதி மூடினார்கள். அடுத்து வந்த வீ யு, 3டிஎஸ் இயந்திரங்களின் கடைகளில் விற்பனை 2023 மார்ச் 27-ஆம் தேதியோடு நின்றது. 2017-இல் வந்த ஸ்விட்ச் இயந்திரத்துக்கு வர்ச்சுவல் கன்சோல் வரவே இல்லை; 2018 செப்டம்பரில் சந்தாதான் வந்தது. அமெரிக்காவில் தனியாளுக்கு ஆண்டுக்கு 20 டாலர். நிண்டெண்டோ 64, சேகா மெகா டிரைவ் கேம்கள் வேண்டுமென்றால் 2021 அக்டோபரில் வந்த மேல்கட்டுச் சந்தா, 50 டாலர். ஒரு தடவை 5 டாலர் கொடுத்து முடிந்துபோன சூப்பர் மாரியோவுக்கு இப்போது ஆண்டுதோறும் 20 டாலர். இன்னொன்றும் இருக்கிறது: இறக்கி வைத்த கேம்களை இணையம் இல்லாமல் ஏழு நாள் வரைதான் ஆடலாம். பிறகு இயந்திரம் இணையத்தைத் தொட்டு, ‘இவர் சந்தா கட்டியவர்தான்’ என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

நம் பக்கத்து வாசகருக்கு இதில் கூடுதல் சிக்கல். நிண்டெண்டோவின் இணையக் கடை இந்தியாவுக்கென்று இல்லாததால், சிங்கப்பூரிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ விமானத்தில் வரும் மச்சான் கையில் ஸ்விட்ச் வந்து சேர்கிறது. விமான நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் பொருள் வீடு வருவதில் கஷ்டமில்லை. கணக்கை வேறு நாட்டு முகவரியில் திறக்க வேண்டும் என்பதும், இந்திய அட்டை அங்கே எல்லா நேரமும் செல்லுபடியாகாது என்பதும்தான் தொல்லை. வழக்கமாகச் செய்வது அந்த நாட்டின் பரிசு அட்டை எண்ணை வாங்கி நிரப்புவது. தனி கேம் வாங்க ஒரு தடவை இப்படி மெனக்கெடலாம். சந்தாவுக்கு வருடா வருடம் மெனக்கெட வேண்டும். மாரியோவுக்காக மட்டும் ஸ்விட்ச் வாங்க நினைக்கிறவர்கள் இதை யோசித்துவிட்டு மச்சானுக்குப் போன் போடுங்கள்.

ஒரு வீட்டுக் கணக்கு

சோனியின் சேவை இந்தியாவில் முறையாகக் கிடைக்கிறது, விலையும் ரூபாயில். 2022 ஜூனில் பிளேஸ்டேஷன் பிளஸ் மூன்று படிகளாகப் பிரிந்தபோது பழைய பிளேஸ்டேஷன் கேம்கள் மேல்படியான டீலக்ஸில் வைக்கப்பட்டன. அன்றைய விலை மாதம் 849 ரூபாய். ஒரு வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால் 5,749. அடுத்த ஆண்டு செப்டம்பரிலேயே வருடக் கட்டணம் 7,589 ஆயிற்று. பதினைந்து மாதத்துக்குள் 32 சதவீத உயர்வு. நீங்கள் இதைப் படிக்கும்போது அது மேலும் மாறியிருக்கலாம், திரையில் பார்த்துக்கொள்ளுங்கள். சந்தாவின் விலையை அடுத்த வருடமும் நிர்ணயிக்கப்போவது நாம் இல்லை என்பதே இங்கே கவனிக்க வேண்டியது.

இப்போது ஐயப்ப நகர்ப் பக்கம் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அப்பாவுக்கு கான்ட்ராவும் ஸ்ட்ரீட் ஃபைட்டரும் வேண்டும். அம்மா கல்லூரிக் காலத்தில் பிரின்ஸ் ஆஃப் பெர்சியா ஆடியவர். ஏழாம் வகுப்புப் பெண்ணுக்கு அப்பா சொல்லும் கதைகளைக் கேட்டு எதையாவது ஆடிப் பார்க்க ஆசை. வீட்டில் ஒரு மடிக்கணினி இருக்கிறது. கான்ட்ராவுக்கு 2019-இல் கோனாமி வெளியிட்ட அனிவர்சரி கலெக்‌ஷன் இருக்கிறது. ஸ்ட்ரீட் ஃபைட்டருக்கு 2018-இல் கேப்காம் வெளியிட்ட, 12 கேம்கள் அடங்கிய முப்பதாம் ஆண்டுத் தொகுப்பு. 2003-இல் வந்த பிரின்ஸ் ஆஃப் பெர்சியா ஸ்டீமிலும் உண்டு, கோக் என்ற போலந்துக் கடையிலும் உண்டு. ஒவ்வொன்றும் 800 ரூபாய் என்றே வைத்தாலும் மூன்றுக்கும் சேர்த்து 2,400. தள்ளுபடிக் காலம் வரை பொறுத்தால் இன்னும் குறையும்; ஸ்டீமில் கோடையிலும் டிசம்பர் கடைசியிலும் பெரிய தள்ளுபடி வருவது வழக்கம். பழைய கேமுக்கு அவசரம் எதுவும் கிடையாது. முப்பது வருடம் காத்திருந்தவர் இரண்டு மாதம் காத்திருக்கலாம்.

இந்தக் கணக்கு எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. டீலக்ஸில் புது கேம்களும் நிறைய இருக்கின்றன. கல்லூரி போகும் பையன் அவற்றைத் தினமும் ஆடுகிறான் என்றால் சந்தா ஏற்கெனவே வசூலாகிவிட்டது, பழையவை இலவச இணைப்பு. பழைய கேமுக்காக மட்டும் அந்த மேல்படிக்கு ஏறாதீர்கள் என்பதே நான் சொல்வது.

விற்கும் விதத்தில் எனக்குப் பிடித்த முன்மாதிரி கேப்காமுடையது. 2022 ஜூலையில் வந்த ‘கேப்காம் ஆர்கேட் 2nd ஸ்டேடியம்’ செயலியை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதில் சன்சன் என்ற ஒரு கேம் இலவசம். மற்றவற்றைத் தனித்தனியாக, ஒன்று 4 டாலர் என்ற கணக்கில் வாங்கலாம். எல்லாம் வேண்டுமென்றால் மொத்தமாகவும் வாங்கலாம். ஜப்பானின் ஹாம்ஸ்டர் நிறுவனமும் 2014 முதல் ‘ஆர்கேட் ஆர்கைவ்ஸ்’ என்ற வரிசையில், கடைகளில் காசு போட்டு ஆடிய பழைய கேம்களை ஒவ்வொன்றாகவே விற்றுவருகிறது. அமெரிக்க விலை 8 டாலர். நாற்பது வருடப் பழைய கேமுக்கு 8 டாலர் அதிகம் என்று முணுமுணுப்பவர்கள் உண்டு, நானும் அவர்களில் ஒருவன். ஆனாலும் எனக்கு வேண்டிய ஒன்றை மட்டும் சுட்டிக்காட்டி வாங்க முடிகிறதே.

கடையை விட்டு எடுத்துவிட்டால்

சந்தா எடுப்பவர்கள் கேட்க மறக்கும் கேள்வி இதுதான். ஒரு கேமைக் கடையிலிருந்து எடுத்துவிட்டால் என்ன ஆகும்?

2024 டிசம்பர் 6-ஆம் தேதியோடு சேகா நிறுவனம் தன் பழைய கேம்களில் 60-க்கும் மேற்பட்டவற்றை ஸ்டீம் உள்ளிட்ட கடைகளிலிருந்து எடுத்துவிட்டது. மெகா டிரைவ் கேம்கள் பெரும்பாலும் அதில் அடக்கம். ஆனால் அதற்கு முன் விலை கொடுத்து வாங்கியவர்களின் நூலகத்தில் அவை அப்படியே இருக்கின்றன. இன்றும் இறக்கி ஆடலாம். சந்தாச் சேவையில் இப்படி ஒன்றை எடுத்தால் எல்லோருக்கும் ஒரே நாளில் போய்விடும், பத்து வருடம் கட்டியவருக்கும் சேர்த்து. சேகாவின் விஷயத்தில் நடந்த வேடிக்கை என்னவென்றால், தனி விற்பனை நின்ற பிறகும் நிண்டெண்டோவின் 50 டாலர் சந்தாவில் மெகா டிரைவ் கேம்கள் தொடர்ந்தன. 100, 150 ரூபாய்க்கு வாங்க முடிந்த ஒன்றுக்காக வருடச் சந்தா கட்டும் நிலை. விற்பவர்களின் போக்கு எந்தத் திசையில் என்பதற்கு இது போதும்.

விலை கொடுத்து வாங்கியதும் கல்வெட்டு அல்ல. 2018 ஏப்ரலில் ஜிடிஏ 4-இன் பாட்டு உரிமைகள் காலாவதியானபோது, ஏற்கெனவே வாங்கியவர்களின் பிரதியிலிருந்தும் பல பாடல்கள் அப்டேட் மூலம் நீக்கப்பட்டன. யூபிசாஃப்ட் நிறுவனம் 2024 மார்ச் 31-ஆம் தேதி ‘தி க்ரூ’ என்ற கார் பந்தய கேமின் சர்வரை அணைத்தபோது, காசு கொடுத்து வாங்கியவர்களாலும் அதை ஆட முடியாமல் போயிற்று. 2024 அக்டோபர் முதல் ஸ்டீமில் காசு கட்டும் இடத்திலேயே, நீங்கள் வாங்குவது உரிமம்தான் என்ற குறிப்பு வருகிறது. கலிஃபோர்னியாவில் அந்த ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தின் பலன் அது. இந்த விஷயத்தில் நான் கோக் கடையின் பக்கம். 2008-இல் பழைய கணினி கேம்களை விற்பதற்கென்றே தொடங்கிய கடை அது. அங்கே வாங்கினால் இன்ஸ்டாலர் கோப்பையே இறக்கி ஒரு ஹார்டு டிஸ்கில் போட்டு வைத்துக்கொள்ளலாம். பிறகு அந்தக் கடையே இல்லாமல் போனாலும் உங்கள் கேம் ஓடும். பிரவுசிங் சென்டர் காலத்து ஐ.ஜி.ஐ. அங்கே இருக்கிறது, கமாண்டோஸ் இருக்கிறது. மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை முதல் கரண்டை நிறுத்தும் நாளில், பேட்டரி தாங்கும் வரை மடிக்கணினியில் ஆடலாம். வீட்டு வைஃபையும் சேர்ந்து அணைந்திருந்தாலும் பரவாயில்லை.

எந்தக் கடையிலும் இல்லாதவை

‘முஸ்தபா’ எங்கே கிடைக்கும்? பழைய கேம் என்று பேச்செடுத்தாலே யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார். இந்தியா முழுக்கக் காசு போட்டு ஆடும் கடைகளில் கூட்டம் சேர்த்த அந்த கேமின் உண்மைப் பெயர் ‘கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்’. கேப்காம் 1993-இல் வெளியிட்டது. அதில் வரும் நால்வரில் தொப்பி போட்டவர் முஸ்தபா கெய்ரோ; அவர் பெயரே இங்கே கேமின் பெயராகிவிட்டது. பதில்: தனி விலையிலும் இல்லை, சந்தாவிலும் இல்லை.

கேப்காம் அதை மறந்துவிடவில்லை. மார்க் ஷுல்ட்ஸ் வரைந்த ‘ஸீனோஸாயிக் டேல்ஸ்’ என்ற காமிக்ஸை ஒட்டி எடுத்த கேம் அது. கேடிலாக் என்ற பெயர் ஜெனரல் மோட்டார்ஸுக்குச் சொந்தம். மறுபடி விற்க வேண்டுமென்றால் எல்லோரிடமும் போய் நிற்க வேண்டும். 2018 செப்டம்பரில் கேப்காம் தன் பழைய அடிதடி கேம்கள் ஏழைச் சேர்த்து ஒரு தொகுப்பு வெளியிட்டது. ஃபைனல் ஃபைட், கேப்டன் கமாண்டோ, நைட்ஸ் ஆஃப் தி ரவுண்ட் எல்லாம் அதில் உண்டு, முஸ்தபா இல்லை. அதே 1993-இல் வந்த ‘தி பனிஷர்’ கேமும் மார்வெல் உரிமையில் சிக்கிக் கிடந்தது. அது 2024 செப்டம்பரில்தான் மார்வெல் தொகுப்பு ஒன்றில் சேர்ந்து விற்பனைக்கு வந்தது. முஸ்தபாவுக்கும் அப்படி ஒரு நாள் வரலாம். வந்தால் அன்றைக்கே வாங்கிவிடுங்கள், தள்ளுபடிக்குக் காத்திருக்க வேண்டாம் என்று நான் சொல்லும் ஒரே கேம் இதுதான். உரிமை ஒப்பந்தம் எத்தனை வருடத்துக்கு என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது.

இன்னும் இருக்கின்றன. 2006 நவம்பரில் வந்த ஈஏ கிரிக்கெட் 07-ஐ டிஜிட்டல் கடை எதிலும் வாங்க முடியாது. 2005-இன் நீட் ஃபார் ஸ்பீட் மோஸ்ட் வான்டட்டையும் முடியாது. ரோட் ராஷ் கணினிப் பதிப்பும் அப்படியே. வீரர்களின் பெயர், கார் நிறுவனங்களின் பெயர், பின்னணிப் பாட்டு என்று எது மேலே ஒட்டியிருக்கிறதோ அதுவே மறுவிற்பனைக்குக் குறுக்கே நிற்கிறது. நம் ஊரின் பிரச்சினை மட்டுமல்ல இது. அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023 ஜூலையில் வெளியிட்ட ஆய்வில், 2010-க்கு முன் அந்த நாட்டில் வெளிவந்த கேம்களில் 87 சதவீதம் இன்று விற்பனையிலேயே இல்லை என்று கண்டார்கள்.

ஆகவே பரணில் கிரிக்கெட் 07 வட்டு கிடந்தால் காயலான் கடைக்குப் போடாதீர்கள். முறையாக வாங்கிய கணினி மென்பொருளுக்குப் பாதுகாப்புக்காக ஒரு பிரதி எடுத்துவைக்க, 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. அதை மற்றவர்களுக்குப் போட்டுக் கொடுக்க இடம் கொடுக்கவில்லை.

எப்போது சந்தா கட்டலாம்

மே மாத லீவு. பிள்ளைகள் வீட்டில், வெயில் வெளியே. அப்போது ஒரு மாதம், ஒரே ஒரு மாதம், மேல்படிச் சந்தா எடுத்துப் பாருங்கள். பெயர் மறந்துபோன கேம்களைத் தேடுவதற்கும், பெண்ணுக்கு எது பிடிக்கிறது என்று பார்ப்பதற்கும் அது நல்ல ஏற்பாடு. வாடகை நூலகத்தில் பத்துப் புத்தகம் புரட்டிவிட்டு ஒன்றை மட்டும் சொந்தமாக வாங்குவோமே, அந்த மாதிரி. மாத இறுதியில் எல்லோருமாக உட்கார்ந்து, இந்த முப்பது நாளில் எதற்குத் திரும்பத் திரும்பப் போனோம் என்று பாருங்கள். அதைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம். எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸில் சந்தாவில் உள்ள கேமை அந்தச் சமயத்திலேயே வாங்கினால் 20 சதவீதம் வரை தள்ளுபடி உண்டு.

சந்தா இல்லாமலே சோதித்துப் பார்க்க ஸ்டீமில் ஒரு வழி இருக்கிறது. வாங்கி 14 நாளுக்குள், ஆடியது இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் பணம் திரும்பி வரும். சின்ன வயதில் உயிராக இருந்த கேம் இப்போதும் பிடிக்கிறதா என்று தெரிந்துகொள்ள அரை மணி நேரம் போதும். பாதிக்கு மேல் பிடிக்காது, தயாராக இருங்கள். கையை விட்டு வேகம் போயிருக்கும். அந்தக் காலத்து கேம்கள் தயவு தாட்சண்யம் பார்க்காதவை.

சந்தா கட்டிய அன்றைக்கே தானியங்கிப் புதுப்பித்தலை அணைத்துவிடுங்கள். அணைத்தாலும் கட்டிய காலம் முழுக்க ஆடலாம். யுபிஐ வழியாகக் கட்டியிருந்தால் உங்கள் யுபிஐ செயலியில் ‘ஆட்டோபே’ என்ற பகுதியில் அந்த ஒப்புதல் உட்கார்ந்திருக்கும். அங்கேயே ரத்து செய்யலாம். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 2021 அக்டோபர் முதல் இப்படிப்பட்ட தொடர் கழிவுகளுக்கு 24 மணி நேரம் முன்னதாகத் தகவல் வர வேண்டும். 15,000 ரூபாய் வரை ஓடிபி கேட்காமலே கழியும் என்பதால், அந்தக் குறுஞ்செய்தி ஒன்றுதான் உங்களுக்கு மணி அடிப்பது. விளம்பரச் செய்திகளோடு சேர்த்து அழித்துவிடாதீர்கள். கேம் கணக்கில் வாங்குவதற்கு முன் ரகசிய எண் கேட்கும்படி வைத்துவிடுவதும் நல்லது, பத்து வயதுக்குக் கீழ் பிள்ளை இருக்கும் வீட்டில் இது கட்டாயம்.

பழைய வட்டு வாங்கப் போகிறவர்களுக்கு

கடையில் இல்லாததற்கு மிச்சமிருக்கும் நேர்மையான வழி, பழைய வட்டும் பழைய இயந்திரமும்தான். நம் ஊரில் சுற்றும் பிளேஸ்டேஷன் 2 வட்டுகளில் கணிசமானவை நகல். வட்டைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் ஊதா சாயம் அடித்தால் வீட்டில் எரித்தது. அசல் பிளேஸ்டேஷன் 2 டிவிடி வெள்ளியாக இருக்கும், சிடியில் வந்தவை நீலம். முதல் பிளேஸ்டேஷன் அசல் வட்டு கருப்பு. இந்திய இயந்திரம் பால் முறையைச் சேர்ந்தது, சிப் போடாத இயந்திரம் அமெரிக்க வட்டை ஏற்காது. கடைக்காரரிடம் ஒரு கேமைப் போட்டு பத்து நிமிடம் ஓடவிடச் சொல்லுங்கள். லென்ஸ் தேய்ந்திருந்தால் தொடக்கப் படம் வந்துவிட்டு அடுத்த கட்டம் ஏறும்போது திணறும். 8 எம்பி மெமரி கார்டு கூடவே வருகிறதா என்று கேளுங்கள், அது இல்லாமல் எதையும் சேமிக்க முடியாது.

கணினி வட்டு என்றால் வேறொரு இடைஞ்சல். 2000-களில் பல வட்டுகளில் சேஃப்டிஸ்க் என்ற திருட்டுத் தடுப்பு இருந்தது. விண்டோஸ் 10 அதை ஏற்பதில்லை. அசல் வட்டையே போட்டாலும் கேம் திறக்காது. அதே கேம் கோக் கடையில் இருந்தால் வட்டை விட்டுவிட்டு அங்கே வாங்குவது உத்தமம். இந்தத் தடுப்பை எடுத்துவிட்டுத்தான் விற்கிறார்கள்.

டிவியையும் பார்த்துக்கொள்ளுங்கள். புது டிவிகள் பலவற்றில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை செருகுவாய் இல்லை. ஏவி-யிலிருந்து எச்டிஎம்ஐ-க்கு மாற்றும் சின்னப் பெட்டி ஒன்று தனியாக வாங்க வேண்டும். டக் ஹன்ட் துப்பாக்கி மட்டும் எந்தப் பெட்டியை மாட்டினாலும் எல்இடி டிவியில் சுடாது. அது பழைய குழல் டிவி திரையில் ஒளி வரும் நேரத்தை வைத்து வேலை செய்வது. துப்பாக்கி கைவசம் இருப்பவர்கள் குழல் டிவி ஒன்றையும் சேர்த்துத் தேடிக்கொள்ளுங்கள்.